முதலாளிக்கு இருபத்தைந்து டிகிரி

கடையின் சர்வீஸ் குரூப்பில் போன வாரம் ஒரு படம் வந்தது. தொட்டிக்குள் போடுகிற சின்னக் கருவி. தண்ணீரின் சூடு, உப்பு, அழுக்கு எல்லாவற்றையும் அளந்து போனுக்கு அனுப்பிவிடுமாம். மீன் சாப்பிட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு கேமராவும் உண்டாம். இனிமேல் வீடு வீடாகப் போய்த் தண்ணீரை நாக்கில் தொட்டுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருந்தார்கள். "லில்லி ஆன்ட்டி, உங்க சர்வீஸ்லயே கஷ்டமான கேஸ் எது? எழுதி அனுப்புங்க" என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஓய்வு பெற்று எட்டு மாசம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் என் நாக்குக்குப் பதில் ஆள் போட்டுவிட்டார்கள். அப்புறம் ஆறி உட்கார்ந்து யோசித்தேன். கஷ்டமான கேஸ் என்றால் நோய் பிடித்த மீன், விரிசல் விட்ட தொட்டி என்று இவர்கள் நினைத்திருப்பார்கள். என்னுடைய கஷ்டமான கேஸில் மீனுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. சாப்பாடு கேட்காது, அசிங்கம் பண்ணாது, நோய் வராது. மூன்று வருஷமாக அப்படியேதான். மற்ற எல்லா வீட்டையும் விட்டாயிற்று, அந்த ஒரு வீட்டை மட்டும் இன்னும் விட முடியவில்லை.

நான் மரக்காணம் உப்பளத்தில் பதினைந்து வருஷம் வேலை செய்தவள். காலில் வந்த புண் ஆறாமல் போகவே, கடற்கரை ரோட்டில் புதிதாகத் திறந்த கலர் மீன் கடையில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். பெருக்கிக்கொண்டே தொட்டி கழுவப் பழகினேன், கழுவிக்கொண்டே மீன் பிடிக்கப் பழகினேன். ஒரு வருஷத்தில் மொபெட்டில் டியூபும் பக்கெட்டும் கட்டிக்கொண்டு, தெற்கே பெரிய முதலியார்சாவடி வரைக்கும் மேற்கே பெருமுக்கல் வரைக்கும் வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டேன். அந்த ஒரு வருஷத்தில் என் கையால் செத்த மீன்களைச் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்திக்குக் குழம்பு வைத்திருக்கலாம். என் பயிற்சி அவ்வளவுதான்.

கடைக்காரர் சேகர் சார் முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டரை விட்டு வந்தாலும் வெள்ளைக் கோட்டை விடவில்லை. மனுஷர்களை வா, போ என்பார். மீன்களை மட்டும் வாங்க, போங்க என்பார்.

"ஏ லில்லி, அந்த ஏஞ்சல் ரெண்டு பேரும் சாப்ட்டாங்களா பாரு."

"சாப்ட்டாங்க சார். நான்தான் இன்னும் சாப்டல."

"அவங்க மொதல்ல. நீ அப்பறம்."

மீன் செத்த வீட்டுக்கு அவரே நேரில் போவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்து, "அவங்க டைம் முடிஞ்சிது, உங்க பேர்ல தப்பில்ல" என்பார். தப்பு முழுக்க அவர்கள் பேரில்தான் இருக்கும், பரோட்டாவைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். அவர் எனக்கு அழுத்திச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "மீன் விஷயத்துல வீட்டுக்காரங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது லில்லி. செத்துட்டாங்கன்னா செத்துட்டாங்கன்னு சொல்லிடணும். அதே மாதிரி இன்னொருத்தர கொண்டாந்து உட்டுட்டு கமுக்கமா வர்ற பொழப்பு நமக்கு வேணாம்."

நான் போன வீடுகளில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னால் நம்பமாட்டீர்கள். குப்பத்தில் ஒரு படகுக்காரர் வீடு. விடிந்தால் அவர் வலையில் ஆயிரம் மீன் வரும். ஆனால் தொட்டியில் இருந்த நாலு ஏஞ்சல் மீனுக்கு எதிரில் மீன் குழம்பு சாப்பிட அவர் மனைவிக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தொட்டிக்கு முன்னால் ஒரு சேலையைத் திரையாக இழுத்து விட்டுவிடுவார். திடீரென்று இருட்டானதும் மீன்கள் பயந்துபோய்க் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். மூக்கெல்லாம் காயம். எனக்குக் காரணம் புரிய மூன்று மாசம் ஆயிற்று. "மீனுக்கு தெரியாதுமா, தாராளமா சாப்டுங்க" என்றேன். "அதுக்கு தெரியாது, எனக்கு தெரியுதே" என்றார். கடைசியில் திரையை மெதுவாக இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். இரும்பை கிராமத்துப் பக்கம் இன்னொரு வீட்டில் மனுஷர்கள் எல்லாரும் போர் தண்ணீர் குடித்தார்கள், மீனுக்கு மட்டும் கேன் தண்ணீர். ஒரு நாள் தாகமாக இருக்கிறது என்று நான் அந்தக் கேனைத் தொட்டதற்கு, "அது கோல்டுஃபிஷ்து" என்று தட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். கன்னியப்பன் மேஸ்திரி கதைக்கு வருகிறேன்.

கன்னியப்பன் மேஸ்திரியின் கீழேதான் நான் உப்பளத்தில் அந்தப் பதினைந்து வருஷமும் வேலை செய்தேன். கடல் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டு, வெயிலில் சுண்டவைத்து, உப்பின் கனத்தை டிகிரி டிகிரியாக ஏற்றுவதுதான் உப்பளத்து வேலை. கடல் தண்ணீர் மூன்று டிகிரி. இருபத்தைந்துக்கு வந்தால் உப்பு பூக்கும். அதை அளக்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. மேஸ்திரி அதை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பாரே தவிர எடுக்கமாட்டார். விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைப்பார், கண்ணைச் சுருக்குவார், துப்புவார், ஒரு நம்பர் சொல்வார். அவர் சுவை பார்க்கும்போது நாங்கள் யாரும் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. ஒரு தடவை நான் பாத்தி மாற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். "பதினெட்டுல தொறந்து உட்டிருக்கியே, உன் அறிவு எத்தினி டிகிரி?" என்று கேட்டு மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சொன்ன சொல்லை மாற்றவேமாட்டார். ஒரு வருஷம், "புதன்கெழம உப்பு வாரறோம்" என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை விடிய விடிய மழை. வாரிய உப்பு கண்ணெதிரில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் மழையில் நின்று வாரிக்கொண்டிருந்தார். அவர் நின்றால் நாங்களும் நிற்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சாயங்காலம் வரை வெறும் தண்ணீரை வாரினோம்.

வேலையை விட்ட பிறகு அவர் உப்பளத்தை ஒட்டியிருந்த தன் வீட்டிலேயே இருந்தார். பின்கதவைத் திறந்தால் கடைசி வரைக்கும் பாத்திகள்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேலை செய்கிறவர்களைத் தூரத்திலிருந்தே திட்டிக்கொண்டிருப்பார். அவர் மனைவி இறந்ததும் தனியாகிப்போனார். ஒரே மகள் செல்வி, தாம்பரத்தில் பாங்கு வேலை. சின்னப் பிள்ளையாக அப்பாவுக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு பாத்தி வரப்பில் ஓடி வந்தவள். அப்பா தனியாக இருக்கிறாரே என்று ஒரு தொட்டியும், அதில் ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீனும் வாங்கிக்கொடுத்தாள். பார்த்திருப்பீர்கள், நெற்றி புடைத்துக்கொண்டு, செக்கச்செவேலென்று, தொட்டியில் இன்னொரு உயிரை விட்டுவைக்காத மீன். மேஸ்திரி அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தார்.

"பெரிய நெத்தி, பெரிய வாயி, ஒரு வேல கெடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முன்னாடி வந்து நிக்கிறான். வேற இன்னா பேரு வெக்கறது?" என்றார்.

தொட்டி சர்வீஸுக்கு நான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "நீயா? தண்ணிய பாத்து தொறந்து உடு" என்றார். ஆனால் மீன்மேல் உயிரையே வைத்துவிட்டார். அவர் சாப்பிடும்போது நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் திருப்பிப் போட்டுக்கொள்வார். மீனும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவரையே பார்க்கும்.

மனைவியின் வருஷ தெவசத்தன்று உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நானும் போயிருந்தேன். செல்வி அழுதாள்.

"எனக்கு அங்க தூக்கம் வரலப்பா. உங்களுக்கு ஒண்ணுன்னா யார் இருக்கா? என்கூட வந்துடுங்கப்பா."

சுற்றியிருந்தவர்களும் ஆளுக்கொன்று சொல்ல, மேஸ்திரிக்குக் கோபம் ஏறிவிட்டது. மனைவியின் போட்டோமேல் கையை வைத்தார்.

"இந்த முதலாளி உசுரோட இருக்கற வரைக்கும் நான் இங்கதான். அவன் போனா மறுநாளே பைய தூக்கினு வரேன். இத்தோட இந்தப் பேச்ச உடுங்க."

செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

"லில்லிக்கா, இந்த மீனெல்லாம் எவ்ளோ நாள் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கினா எட்டு வருஷம், பத்து வருஷம் இருக்கும்மா."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பின்கதவையும் நாற்காலியையும் விட்டுவிட்டு, தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் இந்த மனுஷர் ஒரு மாசம் தாங்கமாட்டார் என்பது உப்பளத்துக்காரிக்குத் தெரியாதா? அவர் அந்த வீட்டில் இருப்பதும் போவதும் முக்கால் கிலோ மீன் ஒன்றின் கையில் இருந்தது. அந்த மீன் என் கையில் இருந்தது.

நாலாவது வருஷம் ஐப்பசியில் முதலாளிக்குத் தலையில் குழி விழ ஆரம்பித்தது. இந்த வகை மீனுக்கு வருகிற நோய்தான். அதற்கு மனுஷர்களுக்குக் கொடுக்கிற வயிற்றுப்போக்கு மாத்திரையே மருந்து. மெடிக்கலில் போய்க் கேட்டேன்.

"யாருக்கு? வயசு?" என்றார் மெடிக்கல்காரர்.

"நாலு."

"கொழந்தையா? வெயிட்டு எவ்ளோ?"

"முக்கால் கிலோ."

அவர் மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார். அவருக்குப் புரியவைத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாத்திரையைக் கரைத்து விட்டேன். பிறகு என் ஆயுளிலேயே நான் சொல்லியிருக்கக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"கூடவே கொஞ்சம் உப்பும் போடணும் மேஸ்திரி. மீனுக்கு உப்புதான் மருந்து."

அவர் முகம் மலர்ந்தது. "எத்தினி டிகிரி?"

"டிகிரியெல்லாம் இல்ல. பத்து லிட்டருக்கு ரெண்டு ஸ்பூன்."

"ஸ்பூனா? முப்பது வருஷம் உப்பு எடுத்தவன்கிட்ட வந்து ஸ்பூன் கணக்கு சொல்றியா நீ?"

"அதுக்கு மேல போடாதீங்க. நான் அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

அடுத்த வாரம் நான் போகவில்லை. சிக்குன்குனியா வந்து, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் மூன்று வாரம் படுத்துவிட்டேன். கடையில் வேறு ஆள் இல்லை. நாலாவது வாரம் நொண்டிக்கொண்டே போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். முற்றத்தில் வரிசையாக ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றின்மேலும் சாக்பீஸால் அரை, ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு, மூணு என்று எழுதியிருந்தது. உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி டிகிரி ஏற்றுவதுபோல, இந்த மனுஷர் மீனை டப்பா டப்பாவாக மாற்றியிருக்கிறார்.

உள்ளே போனேன். தொட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. முதலாளி நடுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். காற்றுக் குமிழி மேலே போகும்போதெல்லாம் லேசாக ஆடினார். கண்ணாடியைத் தட்டினேன், திரும்பவில்லை. குனிந்து பார்த்தேன். வயிற்றுக்கு அடியில் தூண்டில் நரம்பால் தையல் போட்டிருந்தது. கருவாட்டுக்குச் செய்வதுபோல வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, உப்பு அடைத்து, பதமாகத் தைத்திருக்கிறார். மிதந்து மேலே வந்துவிடாமல் இருக்க, நரம்பின் இன்னொரு முனையை அடியில் ஒரு கல்லில் கட்டியிருந்தார்.

மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டுல நல்லா இருந்தான் லில்லி. புண்ணுகூட ஆறிச்சி. மூணுல கண்ணு சொருவிடுச்சி."

"மூணு கடல் தண்ணியாச்சே மேஸ்திரி."

"தெரியும்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. இருவத்தஞ்சுக்கு ஏத்திட்டேன். இனிமே அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

"செல்விக்கு சொல்லிட்டீங்களா?"

அவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்கதவு திறந்திருந்தது. வெளியே மழைத் தண்ணீர் தேங்கி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கிடந்தது.

"என்னால அங்க போவ முடியாது" என்றார். "சொன்ன சொல்ல மீறவும் முடியாது. ரெண்டுக்கும் நடுவுல இவன் ஒருத்தன்தான் நிக்கிறான்."

பதினைந்து வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புதான் மருந்து என்று சொன்னவள் நான். உப்பளத்துக்காரரிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மூன்று வாரம் படுத்துக்கொண்டவளும் நான். மீனை அவர் கொன்றார் என்றால், கையில் கத்தியைக் கொடுத்தது யார்?

நேராகக் கடைக்குப் போய் சேகர் சாரிடம் சொன்னேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கமான ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமாயிற்று. தையலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார்.

"எத்தனை டிகிரி?"

"இருவத்தஞ்சு."

"ம்" என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டார். "இவங்களுக்கு வாட்டர் சேஞ்ச் கூடாது. சுண்டற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்து. ஃபில்டர் மோட்டாரு உப்புல அரிச்சிடும், கழட்டிடு. காத்து மட்டும் போதும்."

"சார், பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான..."

"நாம எங்க சொன்னோம்? அந்தப் பொண்ணு கேட்டுச்சா?"

"கேட்டா?"

"கேக்கறப்ப பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்துவிட்டார். அந்த நல்ல மனுஷர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டு வாசலில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன்.

அந்தத் தொட்டிக்கு என்று நான் கண்டுபிடித்த முறையை எழுதிவைக்கிறேன், வேறு யாருக்கும் தேவைப்படாது. வாரா வாரம் வியாழக்கிழமை போனவுடன் தண்ணீர் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுண்டியதை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் முதலாளியின் முதுகிலேயே உப்பு பூத்துவிடும். குமிழி விடுகிற காற்றுக் கல்லில் உப்பு அடைத்துக்கொள்ளும், அதைக் கழற்றி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். குமிழி ரொம்ப வேகமாக வந்தால் மீன் தலையாட்டுவது அசிங்கமாக இருக்கும். ரொம்ப மெதுவாக வந்தால் ஆடவே ஆடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. காற்றுக் குழாயின் திருகை அதில் நிறுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாசம் ஆயிற்று. வாசத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. மரக்காணத்தில் ஒரு வீட்டில் கருவாட்டு வாசம் அடித்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

இரண்டாவது வியாழக்கிழமையே செல்வி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ போட்டுவிட்டாள். மேஸ்திரி போனைத் தொட்டி பக்கம் திருப்பினார்.

"ஏம்பா, முதலாளி வெளுத்துப் போயிருக்காரு?"

மேஸ்திரி போனை என் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

"லில்லிக்கா, நல்லாத்தான இருக்காரு?"

"நல்லா இருக்காரும்மா. லைட்டு சரியில்ல."

சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கடையிலிருந்து ஒரு சிவப்பு பல்பும் கொண்டுபோய் மாட்டினேன். முதலாளி உயிரோடு இருந்த காலத்தில்கூட அத்தனை சிவப்பாக இருந்ததில்லை.

மனசு உறுத்தியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதர்.

"ஃபாதர், செத்த மீன உசுரோட இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை கிலோ?" என்றார் ஃபாதர்.

"ஒரே ஒரு மீனு ஃபாதர்."

"வாங்கினவங்களுக்கு வாந்தி, பேதி ஏதாவது ஆச்சா?"

"விக்கல ஃபாதர். வீட்ல இருக்குது."

"ஐஸ்லயா?"

"உப்புல."

"அப்ப கருவாடுன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வியாழக்கிழமை போய்த் திரும்பவும் அதே பொய்யைச் சொன்னேன்.

பொங்கலுக்குச் செல்வி வருவதாகச் சொல்லிவிட்டாள். மாட்டுப்பொங்கலன்று காலையிலேயே வரச் சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பினார். நான் போய்க் குமிழியைச் சரியான வேகத்தில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். சிவப்பு பல்பைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசல் ஓரமாக ஒரு பை. திறந்து பார்த்தேன். இரண்டு வேட்டி, சட்டை, மனைவியின் போட்டோ, துணியில் சுற்றிய டிகிரிக் குழாய்.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"அவ கண்டுபுடிச்சிட்டான்னா கெளம்பணும்ல" என்றார். வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரியிருந்தார். கரையும் உப்பை நின்று வாரிய அதே மனுஷர்தான். பொய் சொல்லுவாராம், பொய் உடைந்தால் சொல்லைக் காப்பாற்றுவாராம். எனக்குத் திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை.

செல்வி பதினோரு மணிக்கு வந்தாள். கரும்பும் பழமும் கொடுத்தாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள், நேராகத் தொட்டிக்குப் போனாள். "முதலாளி" என்று கூப்பிட்டுக் கண்ணாடியில் விரலை வைத்தாள். முன்பெல்லாம் அந்த விரலைக் கடிக்கப் பாய்ந்து வரும். இப்போது தலையை மட்டும் ஆட்டியது. அவள் கை கண்ணாடி வழியாக மேலே போயிற்று. விளிம்பு மூலையில் நான் துடைக்காமல் விட்ட ஒரு விரல்கடை இடம் இருந்தது. அதில் சின்னச் சின்னச் சதுரமாக உப்புக்கல். அவள் அதைத் தொட்டாள். பிறகு விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

கண்ணைச் சுருக்கினாள், அப்படியே அவள் அப்பா மாதிரி. பின்கதவுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். பழக்கதோஷம், நான் ஒரு வார்த்தை பேசாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நம்பர் சொல்லப்போகிறாள் என்று. அவள் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து வாசல் ஓரம் போய்ப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தலை குனிந்திருந்தது. அவள் திறந்திருந்த பின்கதவையும் அந்த நாற்காலியையும் பார்த்தாள். மழை வடிந்து, பாத்திகளை மிதித்துச் சீர்பண்ணிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு வீடுவரை கேட்டது.

செல்வி அலமாரியிலிருந்து மீன் தீனி டப்பாவை எடுத்தாள். மூடியில் தூசி படிந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள்.

"எத்தினிப்பா போடணும்?"

மேஸ்திரி பையின்மேலிருந்து கையை எடுத்தார். "அஞ்சு" என்றார்.

அவள் ஐந்து உருண்டையை எண்ணிப் போட்டாள். தண்ணீரில் மூழ்குகிற தீனி அது. இருபத்தைந்து டிகிரியில் எங்கே மூழ்கும்? ஐந்தும் மேலேயே மிதந்தன. முதலாளி கீழே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவா சாப்டட்டும்" என்றாள் செல்வி. பிறகு திரும்பாமலே சொன்னாள். "பைய ஏம்பா வாசல்ல வெச்சிருக்கீங்க? கால்ல தடுக்கும். உள்ள வைங்க."

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட்டு நானும் மேஸ்திரியும் வீட்டுக்கு வந்தோம். தாம்பரம் என்ற பேச்சை அவள் அன்றைக்கு எடுக்கவே இல்லை. மேஸ்திரி சமையல்கட்டிலிருந்து டீ வடிகட்டியைக் கொண்டுவந்தார். மிதந்துகொண்டிருந்த ஐந்து உருண்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார்.

"முழுசா சாப்ட்டான்னு போன்ல சொல்லிடு" என்றார்.

அவர் எதிரிலேயே போன் போட்டேன். பஸ் இரைச்சலில் செல்வியின் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"முதலாளி முழுசா சாப்ட்டாரும்மா" என்றேன்.

இரைச்சலுக்கு நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"சரிக்கா" என்றாள். "நாளைக்கும் போடச் சொல்லுங்க."

அன்றிலிருந்து மேஸ்திரி தினமும் ஐந்து உருண்டை போடுகிறார், எடுக்கிறார். வியாழக்கிழமை என் முறை. செல்வி மத்தியானம் கூப்பிட்டு, சாப்பிட்டாரா என்று கேட்பாள். சாப்பிட்டார் என்று நான் சொல்வேன். பிள்ளைகளே, அந்தக் கருவியை எந்த வீட்டில் வேண்டுமானாலும் மாட்டுங்கள். அந்த ஒரு தொட்டியில் மட்டும் கேமரா வைத்துவிடாதீர்கள், மேஸ்திரியின் பை இன்னும் அவிழ்க்காமல்தான் இருக்கிறது.